வீட்டுக்கு ஓராள்

1991 ஏப்ரல் 4, வியாழக்கிழமை. ஈஸ்டர் விடுமுறை. இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா, தேத்தண்ணி குடித்துவிட்டு மேலே படுக்கப் போயிருந்தார். அம்மா தைத்துக்கொண்டிருந்தார். நான் காலைக் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கினேன். ஊரிலிருந்து விமானமேறி வந்து ஒரு மாதமாகியும் குளிருக்குப் பழகாத பெரியப்பா, அப்பாவின் கோட்டைப் போட்டபடி ஜன்னலோரம் நின்றார்.

அப்டன் பார்க்கில் எங்கள் தெருவைக் கிண்டத் தொடங்கியிருந்தார்கள். செம்மஞ்சள் அங்கி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வீடு வீடாகத் தட்டி, காரை நகர்த்தச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்களிடம் கார் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், பின்வளவில் கிடந்த மண்வெட்டியோடு பெரியப்பா வந்து நின்றார். மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தலும், சாப்பாட்டுக்குப் பாண் சுற்றிய பையும்.

"வேலையாலை வந்து படுத்த தம்பியை எழுப்பாதை. நான் போறன்."

"எங்கை பெரியப்பா?"

"வீட்டுக்கு ஓராள் கேக்கிறாங்கள் எல்லே."

"அவங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யிறவங்கள்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரோட்டு வேலைக்குச் சம்பளமோ? ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?"

போய் வெட்டத் தொடங்கிவிட்டார். பின்னால் ஓடிய என்னைப் பார்த்து, வேலையாட்களின் மேற்பார்வையாளர் சிரித்தார். இந்த வேகத்தில் போனால் நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்காது என்று அவரிடம் சொல்லு என்றார். பிறகு ஒரு கோப்பை தேநீரை நீட்டினார். பெரியப்பா அதை வாங்கவில்லை.

"இருந்து குடிக்கலாமோ எண்டு கேள் பிள்ளை."

எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. மத்தியானம் அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. ஊரில் தோளில் துவக்கை மாட்டிக்கொண்டு வந்தவர்கள் ரோட்டோரப் பற்றை வெட்டவும் கிடங்கு நிரப்பவும் வீட்டுக்கு ஓராள் கேட்டார்களாம். நாங்கள் இங்கே வந்தபின் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டையும் ஒரு வீடாகவே எண்ணினார்களாம். தன் வீட்டுக்காக ஒரு நாள் வேலைக்குப் போன பெரியப்பா, எங்கள் வீட்டுக்காக இன்னொரு நாளும் போனாராம். அந்த நாட்களில் பொதுக்கிணற்றில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் அவருடைய முறை தவறியது. குத்தகைக் காணியில் வெங்காயம் கருகியது. பிறகு குத்தகையும் போனது.

"ஆக்கள் இல்லாத வீடு எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

சாப்பிட வந்திருந்த பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "சொன்னால் வீட்டை அவங்கள் எடுத்துப்போடுவாங்கள். தம்பி திரும்பி வந்தால் எங்கை இருக்கிறது?"

நித்திரை கலைந்து வந்த அப்பா மாடிப்படியில் நின்றிருந்தார். கீழே இறங்காமல் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா, முதல் வேலையாக ஒரு கதிரையை இழுத்து முன்கதவடியில் போட்டார். மண்வெட்டியைத் தன் பக்கத்தில் சாத்தினார். "ஆரும் வந்து தட்டினால் என்னை எழுப்பு" என்றுவிட்டு, சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையிலேயே நித்திரையானார். மேலே நல்ல கட்டில் இருக்க, ஏன் வழியை மறித்துக்கொண்டு படுக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய கால்களைத் தாண்டிப் போய், பால் போத்தல்களை உள்ளே எடுத்து வைத்தேன்.