நாலு சாம்பியன், இரண்டு கார், ஒரு மெக்கானிக்

மெக்கானிக் தொழிலில் ஒன்றைச் சீக்கிரமே கற்றுக்கொள்ளலாம்: ஜெயித்தவன் வண்டியைப் பற்றிப் பேசவே மாட்டான், தோற்றவன் வண்டியைத் தவிர வேறெதைப் பற்றியும் பேச மாட்டான். தையற்காரர்கள், சமையற்காரர்கள், பந்தல் போடுகிறவர்கள் என்று அடுத்தவருக்கு வேலை செய்து கொடுத்துவிட்டுப் பேச்சு வாங்குகிற எல்லோருக்கும் இது புரியும். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால், எனக்கு ஒரே ஒரு நாள் நடந்ததைக் கேளுங்கள். வயிறு குளிரும்.

செக்ரட்டரியின் நிபந்தனை

எழுபதுகளின் கடைசி. பாலக்கரையில் என் பட்டறை. திருச்சியில் நல்ல கார் வைத்திருந்தவர்களெல்லாம் சின்ன ரிப்பேருக்குக்கூட மெட்ராஸுக்கு ஓடிய காலம் அது. லாரி, ஜீப், பழைய டாக்சி இவற்றுக்கு மட்டும்தான் ஆரோக்கியம் என்று ஒருத்தன் இருப்பது ஞாபகம் வரும். எனக்கு அதில் தீராத எரிச்சல்.

உறையூரில் சுருட்டுக் கம்பெனி வைத்திருந்த ஒரு பெரியவர் அப்போது எங்கள் ஊர் மோட்டார் கிளப்புக்குச் செக்ரட்டரி. அவர் சுருட்டு சிலோனுக்கும் மலேசியாவுக்கும் போகும், அதனால் அங்கெல்லாம் ஆள் பழக்கம். ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ரேஸ் கார் சாம்பியன், மலைப்பாதை சாம்பியன், மோட்டார் சைக்கிள் சாம்பியன் என்று வகைக்கு ஒருவரை நாடு விட்டு நாடு கூப்பிட்டு, எல்லோரையும் ஒரே மாதிரிக் காரில் ஓட்டவிட்டால் யார் நிஜமான கெட்டிக்காரர் என்று தெரிந்துவிடுமே என்றார். பொன்மலைக்கு அப்பால் வறண்டு கிடந்த ஏரிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். பிறகு காரை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை. இரண்டு தடவை ஆன நேரத்தையும் கூட்டிப் பார்த்து யார் குறைவோ அவருக்கு வெற்றி. அதற்கு அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கார் வேண்டும்.

கிளப்பில் எல்லோரும் மெட்ராஸ் மெக்கானிக்தான் வேண்டும் என்றார்களாம். நான் உறையூருக்கே போய் நின்று, என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் சுருட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்: "குடுக்கறேன் ஆரோக்கியம். ஆனா ஓட்டின நாலு பேர்ல ஒருத்தர் வாயிலேர்ந்து வண்டி சரியில்லைன்னு வந்தாலும், அப்புறம் கிளப் பக்கமே நீங்க வர வேண்டாம்."

ஈர மணல்

இரண்டு பழைய டாக்சிகளைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினோம். என்னோடு இருந்தவர் காதர் பாய். தகர வேலை, பெயின்ட் வேலை இரண்டிலும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒன்றில் பச்சைக் கோடு, ஒன்றில் மஞ்சள் கோடு போட்டார். அதைத் தவிர வெளியே வித்தியாசம் தெரியாது. ஆனால் முக்கொம்பு ரோட்டில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு சேர்ந்தாற்போல் ஓட்டினால், பச்சை எப்போதும் ஒரு கார் நீளம் முன்னால் போய் நிற்கும். கார்பரேட்டரை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம், டயரை மாற்றினோம். மூன்று வாரம் ஆகியும் பச்சைக்குத் திமிர் குறையவில்லை.

மஞ்சளை உயர்த்த முடியாவிட்டால் பச்சையை இறக்குவோம் என்று, காவிரியிலிருந்து இரண்டு சாக்கு மணல் அள்ளி வந்து பச்சையின் டிக்கியில் போட்டோம். அற்புதம். இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஓடின. செக்ரட்டரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நாலு நாள் கழித்து அவர் முன்னால் ஓட்டிக் காட்டினால், பச்சை மறுபடி முன்னால் போகிறது.

நான் மறுபடி பானெட்டைத் திறந்துகொண்டு குனிந்தேன். காதர் பாய்தான் சாக்கை அவிழ்த்துக் கைவிட்டுப் பார்த்தார். ஆற்றிலிருந்து வரும்போது சொட்டச் சொட்ட ஈரமாக இருந்த மணல், சித்திரை வெயிலில் டிக்கிக்குள் வெந்து பொலபொலவென்று காய்ந்து, எடை குறைந்திருந்தது. செக்ரட்டரி சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றார். பிறகு பழைய இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டு வாங்கி, எடை பார்த்து, பின்சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கினோம். முடுக்கும்போது காதர் பாய் சொன்னார்: "நாம வண்டியைப் பாத்தோம், மணலைப் பாத்தோம். வெயிலைப் பாக்கலையே ஆரோக்கியம்."

வந்து இறங்கியவர்கள்

சிலோன்காரர் விமானத்தில் வந்தார். கண்டிப் பக்கத்து மலைப்பாதைகளில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். ஒத்திகை ஓட்டத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் விடாமல் ஹாரன் அடித்தார். எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லியும் கை கேட்கவில்லை. மலேசியாக்காரர் ஈப்போவிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் வீரர். கப்பலில் நாகப்பட்டினம் வந்து அங்கிருந்து பஸ் பிடித்து வந்தார். பழக்கதோஷத்தில் வளைவில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து, ஜன்னல் வழியாகப் பாதி வெளியே தொங்கினார். இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள்.

மூன்றாமவர்தான் எனக்கு எமன். மெட்ராஸில் ரேஸ் கார் ஓட்டிப் பெயர் வாங்கியவர். கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு காரையும் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார், குனிந்து அடியில் பார்த்தார். எது பெட்டர் என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான் சார் என்றேன். கையுறையைக் கழற்றாமலே என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இப்படிச் சொன்ன மெக்கானிக் நிறைய பேரைப் பாத்தாச்சு. ஓட்டிட்டு நான் சொல்றேன், ஒண்ணா இல்லையான்னு."

நாலாவது ஆள்

நாலாவதாக வர வேண்டிய பெங்களூர்க்காரர் வர முடியவில்லை என்று தந்தி கொடுத்துவிட்டார். இடம் காலியாக இருக்கக் கூடாதே. செக்ரட்டரி யோசித்து, விபத்தே இல்லாமல் பஸ் ஓட்டியதற்காக மெடல் வாங்கிய ரெங்கராஜனைப் பிடித்து வந்தார். ஸ்ரீரங்கம் டவுன் பஸ் டிரைவர். வீடும் ஸ்ரீரங்கத்திலேயே. பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக வந்தவர், நெற்றியில் திருமண்ணும் உடம்பில் காக்கிச் சட்டையுமாக நின்றார். மெட்ராஸ்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

ரெங்கராஜன் ஒத்திகை ஓட்டினதைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி அகலமாக ஒதுக்கி, பின்னால் இல்லாத நீளத்துக்கெல்லாம் இடம் விட்டுத் திருப்பினார். ஆனால் ஒன்று கவனித்தேன். மற்ற மூன்று பேர் பிரேக் போட்டால் புழுதி கிளம்பி வண்டி அலைபாயும். இவர் பிரேக் போட்டால் போட்டதே தெரியாது. படிக்கட்டில் தொங்குகிறவர்களை வருஷக்கணக்காக விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்த கால் அது. இறங்கினதும் எப்படி இருந்தது என்று கேட்டேன். கூச்சத்தோடு சொன்னார்: "வண்டி பூ மாதிரி இருக்குங்க. பின்னாடி ஜனம் இல்லாம ஓட்டறதுதான் ஒரு மாதிரியா இருக்கு."

ஏரிக்குள் ஒரு ஸ்டாப்பிங்

போட்டி அன்று பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க ஏரிக்கரையில் இருந்தது. முதல் ஜோடியில் மெட்ராஸ்காரர் சிலோன்காரரைச் சுலபமாக ஜெயித்தார். சிலோன்காரர் இறங்கி வந்து, கார் ரெண்டும் நல்லம், ஹாரனில் கை வைத்த நேரத்துக்கு ஸ்டீயரிங்கில் வைத்திருக்கலாம் என்று தானாகவே சொல்லிவிட்டார். ஒரு கண்டம் தாண்டியது என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அடுத்து ஈப்போக்காரரும் ரெங்கராஜனும். உள்ளூர்க்காரர் மஞ்சள் காரில் முந்திப் போகிறார், கரை முழுக்கக் கத்தல். மூன்றாவது வளைவுக்குப் பிறகு மஞ்சள் கார் அப்படியே ஓரம் கட்டி நின்றுவிட்டது. எனக்கு உயிரே நின்றது. பக்கத்துப் பாதையில் வந்த ஈப்போக்காரர் ஏதோ விபத்து என்று நினைத்துத் தானும் வேகத்தைக் குறைத்தார். அதற்குள் ரெங்கராஜன் மறுபடி கிளம்பிவிட்டார். ஆனாலும் முடியும்போது ஐந்து விநாடி பின்தங்கியிருந்தார்.

செக்ரட்டரி என்னை முறைத்துக்கொண்டே காரிடம் ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். கூட்டமும் ஓடியது. வண்டி நின்றுபோச்சா, என்ன கோளாறு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் தப்பும், என் பெயர் போகும். எந்த டிரைவரும் அதைத்தான் சொல்வான். ரெங்கராஜன் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "வண்டி மேல தப்பில்லைங்க. யாரோ ஒரு விசில் அடிச்சாங்க, நிறுத்திட்டேன்."

ரைட்

கூட்டம் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்த வேண்டும், இரண்டு கொடுத்தால் போகலாம். பல வருஷமாக அந்த ஒரு விசிலுக்குப் பழகிய கால், உற்சாகத்தில் எவனோ அடித்த விசிலுக்கும் தானாகப் பிரேக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. தோற்றவர் ஒருவர் வண்டியைக் காப்பாற்றிப் பேசியதை என் ஆயுளில் அன்றுதான் கேட்டேன்.

இந்த மனிதரைத் தோற்க விடக் கூடாது என்று ஒரு வெறி வந்துவிட்டது. கூட்டத்துக்குள் புகுந்து அவருடைய கண்டக்டர் தங்கராசுவைத் தேடினேன். மணப்பாறைக்காரர். லீவு நாளிலும் கழுத்தில் விசில் தொங்கியது. அவரை மூன்றாவது வளைவில் ஒரு டிரம்மின் மேல் ஏற்றி நிறுத்தினேன். காரை மாற்றிக்கொண்டு இரண்டாவது தடவை ஓடியபோது, ரெங்கராஜன் கார் நெருங்கினதும் இரண்டு விசில் கொடுத்தார். ரெங்கராஜன் வண்டியின் மூக்கு நிமிர்ந்து பறந்தது. அடுத்த வளைவில் நின்றவர்களும் புரிந்துகொண்டு, வாயில் விரல் வைத்து இரண்டிரண்டாகக் கொடுத்தார்கள். அவசரத்தில் ஈப்போக்காரர் கடைசி வளைவில் வைக்கோல் மூட்டையை இடித்து நின்று, மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டிப் பார்த்தால் ரெங்கராஜன் இரண்டு விநாடி முன்னால்.

நான் ஈப்போக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புழுதியைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்: "கார்ல ஒண்ணும் குறையில்லை. இனிமே உங்க ஊர் பஸ்ல ஏறணும்னாத்தான் யோசிக்கணும்."

பச்சையும் மஞ்சளும்

ஜெயித்த இரண்டு பேருக்கும் கடைசி ஓட்டம். முதல் தடவை மெட்ராஸ்காரர் பச்சை, ரெங்கராஜன் மஞ்சள். மெட்ராஸ்காரர் ஒன்றரை விநாடி முந்திவிட்டார். காரை மாற்றிக்கொண்டார்கள். இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெங்கராஜன் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு மனசு துடித்தது. பச்சையில் ஜெயித்தவர் மஞ்சளில் தோற்றால் என் கதி என்ன என்று இன்னொரு மனசு அடித்துக்கொண்டது. குறை சொல்ல அதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்.

கொடி இறங்கியது. தங்கராசு டிரம்மிலிருந்து கொடுத்த இரண்டு விசிலை ஏரிக்கரையே வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஆயிரம் வாய், ஒரே ஜோடி விசில். ரெங்கராஜன் இப்போது பஸ்ஸுக்கு இடம் விடவில்லை, வளைவுகளை ஒட்டி வெட்டினார். மெட்ராஸ்காரர் வண்டி புழுதியில் வழுக்கி நிமிர்ந்த ஒவ்வொரு இடத்திலும் இவர் வண்டி வழுக்காமல் வந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டினபோது நான் எதை நினைத்துப் பயந்தேன் என்பதையே மறந்துவிட்டு, காதர் பாயைக் கட்டிக்கொண்டு குதித்தேன். மொத்தக் கணக்கில் அரை விநாடி. கோப்பை ஸ்ரீரங்கத்துக்கு.

அப்புறம்தான் பயம் ஞாபகம் வந்தது. செக்ரட்டரி மெட்ராஸ்காரரிடம் போய், வண்டி எப்படி என்று கேட்டேவிட்டார். அவர் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த டிரில் மாஸ்டரிடம் நேரம் எழுதின தாளை வாங்கிப் பார்த்தார். கையுறைகளைக் கழற்றி ரெங்கராஜனுக்குக் கை கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பச்சையிலயும் மஞ்சள்லயும் நான் ஓட்டின டைம் ஒரே டைம். வண்டி ரெண்டும் ஒண்ணுதாங்க. அவர்தான் ரெண்டாவது தடவை வேற ஆளா ஓட்டிட்டார்."

மறுநாள்

மறுநாள் காலை ரெங்கராஜன் வழக்கம்போல டியூட்டிக்குப் போனார். பஸ்ஸில் ஏறினவர்களெல்லாம் கை தட்டினார்களாம். அடுத்த வருஷத்துப் போட்டிக்கும் வண்டி நீங்கதான் என்று செக்ரட்டரி ஆள் அனுப்பினார். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, பாராட்ட வருகிறவர்களுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் வந்தவர் ஒரு கல்லூரி வாத்தியார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்து, ஸ்டாண்ட் போட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏரியில எல்லா வண்டியும் பிரமாதமா ஓடிச்சாமே ஆரோக்கியம், போன வாரம் நீங்க பாத்த இது மட்டும் ஏன் ஸ்டார்ட் ஆகலை?"

நாற்பது வருஷத் தொழிலில் ஒரே ஒரு நாள், நாலு பேர் வரிசையாக நின்று என் வண்டியைக் குறை சொல்லவில்லை என்பதை வைத்துத்தான் மற்ற நாள் திட்டையெல்லாம் இன்றுவரை சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.