ஜன்னலோரம் உட்கார்ந்த லவைனா

லவைனா பிராட் அக்கா வீட்டுக்கு வந்தது ஆறு வாரத்துக்குத்தான். அக்கா எலெக்டாவுக்கு மூன்றாவது பிரசவம். ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று கடிதம் வந்ததும், குடியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு ஹார்லோ ஊருக்கு ரயிலேறினாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த ஆறு வாரம் பதினொரு வருஷமாக நீண்டது.

அக்கா புருஷன் ஆரின் வெல்ட் ஓவியர். அவர் வரைந்த மாடுகளையும் மலைகளையும் யாரும் சீந்தவில்லை. ஒரு கடுங்குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல், மைத்துனியைக் கூடத்து ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தார். அந்தப் படம் பாஸ்டனில் ஒரே வாரத்தில் விலைபோனது. பிறகு பாஸ்டன்காரர்கள் அவரிடம் வேறெதுவும் கேட்கவில்லை. ஓர் அறை, ஜன்னல் வெளிச்சம், முதுகைக் காட்டியபடி தனியாக ஒரு பெண். அது போதும்.

தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை லவைனா உட்கார வேண்டும். உடுத்துவது எலெக்டாவின் சாம்பல் நிறப் பட்டுடை. அது முன்பக்கம் பொருந்தாது. பின்னாலிருந்துதானே வரைகிறார், அதனால் திறந்த பொத்தான்களை ஒரு சால்வையால் மூடிக்கொள்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தடதடவென்று தட்டிக்கொண்டிருப்பார்கள்.

"அசையாதே லவைனா. தோள் ஏறுது பார்."

"அத்தான், அடுப்புல பீன்ஸ் கிடக்கு."

"பீன்ஸ் எங்க போயிடும்? வெளிச்சம்தான் போயிடும்."

ஒருமுறை படம் வாங்கிய திருமதி சீவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். மாவுக் கையோடு நின்ற லவைனாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவளா அது? எங்க சாப்பாட்டு அறையில மாட்டியிருக்கேன். முகமே தெரியாட்டியும் என்ன ஒரு நிம்மதி! அப்போ என்னம்மா நினைச்சிட்டிருந்தே?"

"கால் மரத்துப்போச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்ம்மா."

திருமதி சீவர் சிரித்தாள். ஆரின் இன்னும் சத்தமாகச் சிரித்தார். வண்டி போனதும், "இப்படியெல்லாம் உளறாதே. அவங்க வாங்குறதே அந்த நிம்மதியைத்தான்" என்றார்.

பக்கத்து ஊர் வைக்கோல் தொப்பித் தொழிற்சாலையில் வேலைபார்த்த டாமரிஸ், லவைனாவின் பள்ளித் தோழி. தையல் மெஷினில் ஓர் இடம் காலி, மார்ச் முதல் தேதிக்குள் வந்துவிடு, விடுதியில் என் அறையிலேயே கட்டில் இருக்கிறது என்று அவள் எழுதியிருந்தாள். லவைனா அதை மளிகை அறையில் நின்று மூன்று தரம் படித்தாள். இரவுச் சாப்பாட்டில் மெல்லச் சொன்னாள்.

எலெக்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "போயேன். உன்னை யாரு புடிச்சு வச்சிருக்கா? மூணு புள்ளைங்களையும் இந்த இடுப்பு வலியையும் வச்சுக்கிட்டு நான் எப்படியோ பாத்துக்கறேன்."

"இந்தப் படம் முடியட்டுமே. ஏப்ரல்ல நானே ஸ்டேஷன்ல கொண்டுவந்து விடறேன்" என்றார் ஆரின்.

ஏப்ரலில் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அடுத்த வருஷமும் இதே கதை. அதற்கடுத்த வருஷமும். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரை எதிர்த்துக்கொண்டு கிளம்புவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

நாற்பத்து மூன்றாவது வயதில், ஒருநாள் ஆரின் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவள் பிடரியை வெகுநேரம் பார்த்தார்.

"கழுத்துல வயசு தெரியுது லவைனா. உன் தப்பில்ல."

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தது எலெக்டாவின் மூத்த மகள் ஹெட்டி. பதினாறு வயது. அந்த உடை அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த லவைனா அதை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். தொழிற்சாலையில் இரண்டு இடம் கிடைக்குமா என்று டாமரிஸுக்கு எழுதிப்போட்டாள். துணி உலர்த்துமிடத்தில் ஹெட்டியைத் தனியாகப் பிடித்தாள்.

"என்னோட கிளம்பிடு கண்ணு. அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டா எந்திரிக்க விடமாட்டாங்க."

"ஐயோ சித்தி, எனக்கு அது புடிச்சிருக்கே! ரெண்டு மணி நேரம் யாரும் என்னை வேலை ஏவ முடியாது. தம்பிங்க கதவைத் தட்டுனா தட்டட்டும்."

"அவங்க சண்டை போடுவாங்களே?"

"போடட்டும். படம் முடிஞ்சா என்னை பாஸ்டன் கூட்டிட்டுப் போகணும்னு அப்பாகிட்ட பேசிட்டேன். சும்மா உட்காருவேனா?"

பதிலுக்கு ஒன்று கேட்கலாம் என்பது இத்தனை வருஷத்தில் லவைனாவுக்குத் தோன்றியதே இல்லை. துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது என்று டாமரிஸ் பதில் போட்டாள். செவ்வாய்க்கிழமை லவைனா கிளம்பினாள். எலெக்டா மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. தொழிற்சாலையில் ஒரு கூடத்தில் நாற்பது பெண்கள், காதைப் பிளக்கும் மெஷின் சத்தம், விரலெல்லாம் வைக்கோல் கீறல். முதல் வாரம் அவள் மெஷின் முன்னால் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். டாமரிஸ் விலாவில் குத்தி, "மூச்சு விடுடி!" என்பாள்.

ஜூனில் தொப்பி வேலை ஓய்ந்து எல்லோரும் ஊருக்குப் போனார்கள். அப்போது எலெக்டாவிடமிருந்து கடிதம் வந்தது. இடுப்பு வலி தாங்கவில்லை, வா என்றிருந்தது. லவைனா விடுதிக்காரியிடம் பேசி, மாடிப்படி தேய்த்துக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்க ஏற்பாடு செய்துகொண்டாள். வர முடியாது என்று எழுதுவதற்குள் நாலு தாள் கிழிந்தது. ஐந்தாவதை மடித்து உறையிலிட்டு, மனசு மாறுவதற்குள் தபாலாபீஸுக்கு நடந்தாள்.