சர்க்கரையில் என் கமிஷன்

மருந்தில் பாதியை நானே தின்றுவிட்டு, நோயாளி ஏன் இன்னும் எழுந்து உட்காரவில்லை என்று கன்னத்தில் கைவைத்து யோசித்தவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் எங்கள் சொந்தத்தில் கல்யாணமோ காதுகுத்தோ நடந்தால், இலையில் பாயசம் விழுகிற நேரம் பார்த்து யாராவது இந்தக் கதையை எடுக்கத்தான் போகிறார்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது, தங்கைக்கு ஐந்து. போத்தனூரில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. அப்பா காங்கேயத்தில் கொப்பரைத் தரகர். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்துவைத்து, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொள்வது அவர் தொழில். சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அங்கேதான். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை.

அப்பாவின் ஊரில் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, அதற்குப் போய்விட்டு வந்த மறுநாள் தங்கைக்கு வயிற்றுப்போக்கு. அங்கே வாங்கித் தின்ற சிவப்பு ஐஸின் வேலை. அன்று பார்த்து அம்மாவின் கம்பெனியில் சரக்கு ஏற்றுகிற நாள். மதியம் வரைக்கும் போய்த் தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் உப்பும் போட்டு என் கண் முன்னாலேயே கலக்கினாள்.

“இது தீந்துச்சுன்னா இதே மாதிரி கலக்கிக் குடு சாமி. மடக்கு மடக்காக் குடு. ஏதாச்சும்னா அத்தைக்குப் போன் பண்ணு.”

அத்தை, அப்பாவின் தங்கை. இரண்டு தெரு தள்ளி இருந்தாள்.

அம்மா கேட்டைத் தாண்டியதும் தங்கை ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், “எனக்கு வேண்டா போ” என்று பாட்டிலைத் தள்ளிவிட்டாள். தரையெல்லாம் மருந்து. ஆக, மருந்து கலக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கூடவே சர்க்கரை டப்பாவும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. வயிறு சரியில்லாதவர்களுக்கு இனிப்பு ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். அப்படியானால் உப்புதான் மருந்து. சர்க்கரை, பிள்ளையை ஏமாற்றிக் குடிக்கவைக்கிற லஞ்சம். சர்க்கரை இல்லாமலேயே இவளைக் குடிக்கவைத்துவிட்டால் அந்த ஆறு ஸ்பூனும் யாருக்குச் சேர வேண்டும்? காரியத்தை முடித்துக் கொடுத்த தரகனுக்குத்தானே? தரகர் மகனுக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

வெறும் உப்புத் தண்ணீரைக் கலக்கினேன். ஒரு மடக்குக்கு ஒரு கோமாளித்தனம் என்று ஒப்பந்தம். குரங்கு மாதிரி சொறிந்து காட்டினேன், ஒரு மடக்கு. கம்பெனி முதலாளி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், இன்னொரு மடக்கு. ஒவ்வொரு மடக்குக்கும் சமையலறைக்குப் போய் என் கமிஷனை நாக்கில் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் சிரித்தாள். நான் இனித்தேன். வியாபாரம் நன்றாக நடந்தது.

பிறகு அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்ததெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. முதலாளி நடை நடந்தேன், பார்க்கக்கூட இல்லை. கரடியாக உருண்டேன், கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தாள். வாய்தான் அழுதது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு உழைத்தவனிடம் பொய் அழுகையா? நேராக அத்தைக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தேன்.

“அத்தை, இவொ கண்ணீரே வராம சும்மா அழுது நடிக்கிறாளுங்க.”

போனைக்கூட அணைக்காமல், காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தாள் அத்தை. தங்கையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். அது மடிந்தபடியே கொஞ்சம் நின்று மெல்லத்தான் இறங்கியது. டம்ளரை எடுத்து நக்கிப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள்.

“சக்கரை எங்கடா?”

“தின்னுபோட்டனுங்க அத்தை.”

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. டப்பாவில் மிச்சமிருந்த சர்க்கரையை உப்போடு சேர்த்து ஒரு கையில் கலக்கிக்கொண்டே, மறு கையில் அம்மாவுக்கும், சர்ச்சுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் போன் போட்டாள். குழந்தை முழுங்குகிறாளா? அப்படியானால் நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் விடாமல் கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டால் கண் திறக்காவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, ஒன்றுக்குப் போகிறாளா என்று பாருங்கள், போனால் பயமில்லை. இதுதான் நர்ஸ் சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று அத்தை வரச்சொல்லியிருந்த ஆட்டோ வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்காமல் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புடிடா புள்ளைய” என்று தங்கையை என் மடியில் கிடத்திவிட்டு அத்தை ஸ்பூனைப் பிடித்தாள். தங்கையின் தலை என் கையில் துணி மாதிரி கிடந்தது. அதுவரை நான் எந்தச் சாமியையும் தொந்தரவு செய்ததில்லை. அன்று மாரியம்மனையும் கூப்பிட்டேன், சர்ச்சு மாதாவையும் கூப்பிட்டேன்.

நான் என்ன செய்தேன் என்பது பிளஸ் டூவில், அதுவும் பரீட்சைக்கு முந்தின நாள் தெரிந்தது. குடலின் உள்சுவர் முழுக்கச் செல்கள், நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றின் சவ்வில் ஒரு கதவு. அந்தக் கதவு உப்பிலிருக்கும் சோடியத்தைத் தனியாக உள்ளே விடாது, சர்க்கரையையும் தனியாக விடாது. இரண்டும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் பின்பக்கம் இருக்கும் பம்பு ரத்தத்தின் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக இறங்கும், மேட்டுக்கு ஏற்ற மோட்டார் ஓட வேண்டும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி, சோடியம் குறைவான இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்கு அதைத் தள்ளுகிற மோட்டார் அது. ஏடிபி என்கிற ஆற்றலை எரித்து இராப்பகலாக ஓடுகிறது. அது உள்ளே காலி செய்துகொண்டே இருப்பதால்தான் முன்வாசலில் சோடியம் நுழைகிறது, சர்க்கரையையும் கையோடு இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டும் போகிற வழியில் தண்ணீர் பின்னாலேயே போகிறது.

வயிற்றுப்போக்கில் உப்பு நுழைகிற வேறு வழிகள் மக்கர் பண்ணினாலும் இந்த ஜோடிக் கதவு மட்டும் வேலை செய்யுமாம். அன்று என் தங்கையின் குடலில் லட்சோபலட்சம் பம்புகள் எரிபொருள் செலவழித்து ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. வாசலில் உப்பு வந்து காத்திருக்கிறது. கதவு திறக்கவில்லை. உண்மையான தரகர் சர்க்கரைதான். அவரை நான் அடுப்படியில் நின்று நக்கிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அத்தை ஒரு ஸ்பூன் ஊற்றுவாள், தங்கை முழுங்குவாள், அத்தை கடிகாரத்தைப் பார்ப்பாள். மறுபடி ஒரு ஸ்பூன். ஆட்டோக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்து, “போலாங்களா அக்கா?” என்றார். “இருங்கண்ணா” என்றாள் அத்தை, அடுத்த ஸ்பூனை ஊற்றிக்கொண்டே.

எனக்குக் கால் மரத்துப்போனது. அசையப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று மடியில் சூடாக ஏதோ பரவியது. நோம்பிக்கு எடுத்த புது டிரவுசர், முழுக்க நனைந்துவிட்டது. “ஐயே!” என்று கத்தினேன். அத்தை ஸ்பூனைப் போட்டுவிட்டு என் டிரவுசரைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டுப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். வாசலைப் பார்த்து, “அண்ணா, புள்ள ஒண்ணுக்குப் போயிருச்சுங்க!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அந்த மனிதர், என்னவோ பரீட்சை ரிசல்ட் வந்த மாதிரி, ஹாரனை ஒருமுறை அடித்தார்.

இவர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நாசமாய்ப் போனது என் டிரவுசர், என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். அடையாள அட்டை கழுத்தில் அப்படியே இருந்தது. நியாயம் கேட்க அம்மாவாவது வந்தாளே என்று நனைந்த இடத்தைக் காட்டினேன்.

“அம்மா, பாப்பா என் மேல ஒண்ணுக்குப் போயிட்டா!”

அம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொருக்கா போகச் சொல்லு சாமி.”