எனக்கு எதிராக நான் எழுதிய பதில்

என்னைப் பதவி இறக்கம் செய்த அன்று ஆபீசர் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் நடந்த வழக்கு கடைசியில் அந்தக் காபியில் போய்த்தான் முட்டி நின்றது.

அப்போது நான் சித்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்தேன். எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. எல்லாத் துறையிலும் இதே இரும்பு பீரோ, இதே ஃபைல் கட்டும் நாடா, மதியம் மூன்று மணிக்கு இதே தூக்கம்தான். இருபது வருஷத்துக்கு மேல் அசிஸ்டென்டாகக் குப்பை கொட்டிய பிறகு கிடைத்த பதவி அது. பெரிய ராஜ்யபாரம் ஒன்றும் இல்லை. ஆறு பேர் எழுதிக் கொண்டுவரும் குறிப்புகளைப் படித்து, திருத்தி, மேலே அனுப்ப வேண்டும். அந்த நாற்காலியில் இருந்தபடியே ரிட்டயராகிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பத்து மாதம்கூட நிறையவில்லை.

காரணம் பழையது. நான் நகரிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம்தான். ஆந்திராவில் தெலுங்கு படிக்காமல் அரசு வேலைக்கு வருகிறவர்கள் ஒரு கெடுவுக்குள் தெலுங்குத் தேர்வு எழுதித் தேற வேண்டும். நான் தேறினேன், ஆனால் கெடு முடிந்த பிறகு தேறினேன். முதல் தடவை எழுதும்போது என் மகள் வயிற்றில் இருந்தாள், பரீட்சை ஹாலிலேயே வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக என் தெலுங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆபீசில் பாதிப் பேருக்குத் தெலுங்கில் கடிதம் எழுதிக் கொடுத்ததே நான்தான். பிறகு மாவட்டத்தைப் பிரித்தார்கள். சித்தூர் ஒரு பக்கம், திருப்பதி ஒரு பக்கம் என்று ஆனபோது சீனியாரிட்டி பட்டியலைப் புதிதாகப் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கண்ணில் என் தேர்வுத் தேதி பட்டுவிட்டது. தேறிய தேதியிலிருந்துதான் சீனியாரிட்டி என்றார்கள். என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் எனக்கு மேலே போய்விட்டான்.

ஆபீசர் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார். நல்ல மனிதர். ரிட்டயராகச் சில மாதங்கள்தான் இருந்தன, யாரையும் நோகடிக்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்று இருந்தவர். அதுவரை அவர் அறையில் நின்றுதான் பேசியிருக்கிறேன். அன்று உட்காரச் சொன்னார். அட்டெண்டரை அனுப்பிக் காபி வரவழைத்தார். நான் பாதி குடிக்கும்வரை என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஆர்டர் தயாராகிறது, மறுபடியும் அசிஸ்டென்டாகத் திருப்பதிக்குப் போக வேண்டியிருக்கும், என் நாற்காலிக்கு அந்தத் தம்பி வருவான்.

"ஏமைனா செப்பாலா அம்மா?" என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று உண்மையாகவே கேட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்தும் இருந்தார்.

"ஏமீ லேது சார்" என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மீதிக் காபியையும் குடித்தேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் பக்கத்தில், ஒருவர் கையால் வாங்கிக் குடித்துவிட்டு அந்த இடத்திலேயே அவரை எதிர்த்துப் பேச மாட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார்கள். டம்ளர் அப்படியே இருந்தால் பெண் வீட்டாருக்குப் புரிந்துவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்குச் சர்க்கரை போட்டவரிடமே வாய் கட்டிப் போயிற்று.

மறுநாள் அந்தத் தம்பிக்குப் பீரோச் சாவியைக் கொடுத்தேன். அவன் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். நானும் ஒன்று தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

திருப்பதிக்குத் தினமும் பஸ். காலையில் சித்தூரில் ஏறினால் போய்ச் சேரும்போது உடம்பு கசங்கிவிடும். பஸ்ஸில் பாதிப் பேர் கோவிந்தா சொல்லிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் என்னைப் போல டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவர்கள். எல்லாரும் என்னிடம் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். கஷ்டம் என்று சொல்ல முடியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் நம்முடையது மாதிரியே இருக்காது, அப்படி இருந்தேன். அந்தத் தம்பி சித்தூரிலிருந்து போன் செய்து, "அக்கா, இந்த ஃபைலை எப்படிப் போடறது?" என்று கேட்பான். சொல்லிக் கொடுப்பேன். கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, வரவில்லை.

கோபம் எல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான். அவர் சித்தூர் வெல்ல மண்டியில் வேலை பார்க்கிறார். மண்டியில் எடை குறைந்தால் அங்கேயே கத்தித் தீர்த்துவிட்டு, அங்கேயே டீ குடித்துவிட்டு வருகிற ஆள். "இன்னா மே, தள்ளி உடறாங்க, நீ பாட்டுக்குப் போய்க்கினு கீறே?" என்று நாலு நாள் கத்திப் பார்த்தார். அப்புறம் அவரே திருப்பதியில் ஒரு வக்கீலைப் பிடித்தார். வக்கீல் என்னைவிடச் சின்னவள், தமிழும் தெலுங்கும் கலந்து படபடவென்று பேசுவாள். கேஸ் ஹைகோர்ட்டில் போட வேண்டும், அங்கே தன் சீனியர் பார்த்துக்கொள்வார் என்றாள்.

"நோட்டீஸ் குடுத்தாங்களாம்மா?"

"இல்ல."

"கூப்பிட்டு உங்க தரப்பைக் கேட்டாங்களா?"

"இல்ல மேடம்."

நான் பொய் சொல்லவில்லை. காபி குடித்ததை ஒரு விசாரணை என்று யார் நினைப்பார்கள்? என் நினைவுக்கே அது வரவில்லை. வக்கீல் சந்தோஷமாகிவிட்டாள். இதுதான் நம்ம பாயின்ட், ஒரு வார்த்தை கேட்காமல் ஒருத்தரை இறக்க முடியாது, கேஸ் நிற்கும் என்றாள். மனுவில் ஏழாவது பாராவாக அதை எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

இனிமேல் நான் சொல்வதை என் தங்கைகூட நம்பவில்லை. கேஸ் என்று வந்தால், மனுவில் இருக்கும் ஒவ்வொரு பாராவுக்கும் அலுவலகத்திலிருந்து பதில் எழுதி அரசு வக்கீலுக்கு அனுப்ப வேண்டும். திருப்பதி ஆபீசில் கோர்ட் கேஸ் சீட் என்னுடையது. ஒரு நாள் தபாலில் என் மனு என் மேசைக்கே வந்தது. எடுத்துக்கொண்டு புது ஆபீசரிடம் போனேன்.

"சார், இந்தப் பெட்டிஷனர் நான்தான்."

"தெரியும்மா" என்றார், நிமிராமலே. "வேற யாருக்கு இது எழுத வருது சொல்லுங்க? நீங்க எழுதுங்க, கையெழுத்து நான் போடறேன்."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். முதல் பாராவில் என் பெயர், வயது, வேலை. உண்மை என்று எழுதினேன். இரண்டாவது பாராவில் வேலையில் சேர்ந்த கதை, அதுவும் உண்மை. மனுதாரர், மனுதாரர் என்று எழுத எழுத, அவள் யாரோ ஒருத்தி ஆகிவிட்டாள். எங்கேயோ ஒரு ஆபீசில் யாருக்கோ என்னவோ நடந்திருக்கிறது, நான் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். வலிக்கவே இல்லை. சொல்லப் போனால் அந்த வருஷத்தில் எனக்கு நிம்மதியாக இருந்த ஒரே மதியம் அதுதான்.

ஏழாவது பாரா வந்தது. மனுதாரரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்கிறார். சரியா? சரியில்லையே என்று கை சொன்னது. "மனுதாரர் நேரில் அழைக்கப்பட்டு, விவரம் எடுத்துச் சொல்லப்பட்டு, சொல்வதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்கப்பட்டது. ஒன்றும் இல்லை என்று அவர் தெரிவித்தார்." ஆங்கிலத்தில் இதே பொருளில் எழுதினேன். காபியை மட்டும் விட்டுவிட்டேன். ஆபீசர் அதைப் படித்தாரோ என்னவோ, கையெழுத்துப் போட்டார். கட்டி அனுப்பிவிட்டு ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தேன்.

எனக்கு வேலையில் ஒரு கெட்ட பழக்கம், பதில் என்றால் முழுசாக இருக்க வேண்டும். அரைகுறையாக எழுதினால் திரும்பி வந்துவிடும் என்ற பயம். என் கழுத்துக்கு என்றாலும் கயிற்றை ஒழுங்காகத்தான் திரிப்பேன் போல.

தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. மற்ற விஷயங்களுக்குள் போகவே வேண்டியதில்லை, தன் தரப்பைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பை மனுதாரரே வேண்டாம் என்று விட்டிருக்கிறார் என்று இருந்தது. அன்றைக்கு மாலையே அந்தத் தம்பி போன் செய்தான். ரொம்ப வருத்தமாக இருக்கிறது அக்கா என்றான். பிறகு, இந்த ஆர்டரை எந்த ஃபைலில் சேர்ப்பது என்று கேட்டான். சொன்னேன்.

வக்கீல் உடனே வரச் சொன்னாள். வீட்டுக்காரரும் கூட வந்தார்.

"இதை எவன் எழுதினான்னு தெரியல" என்றாள் வக்கீல். முகம் சிவந்திருந்தது. "அந்த ஆபீசர் ரிட்டயராகிப் போயிட்டாரு. ரூமுல வேற யாரும் இருந்ததா எழுதல. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு அஃபிடவிட் போட்டு அப்பீல் போவோம். சீக்கிரமா முடிச்சிடலாம். நீங்க ரிட்டயராகறதுக்குள்ள அந்த சீட்டுல உட்காரலாம்மா."

அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட். அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

"நடந்தது மேடம்" என்றேன். "எழுதினதும் நான்தான்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார். "சொந்தச் செலவுல சூனியம் வெச்சிக்கினியா மே?" என்றார். கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

அன்றைக்கு நடந்ததைக் காபியோடு சேர்த்துச் சொன்னேன். காபி கொடுத்து வாயால் கேட்பது சட்டப்படி நோட்டீஸ் ஆகாது, அதை வைத்தும் அப்பீல் போகலாம், ஆனால் இழுக்கும், ரிட்டயரான பிறகுதான் தீர்ப்பு வரும் என்று வக்கீல் சொன்னாள். அப்படியே போடுங்கள் என்றேன். ஜெயித்தால் காகிதத்தில் சூப்பரின்டெண்ட் ஆவேன். பென்ஷன் கொஞ்சம் கூடும். நாற்காலி கிடைக்காது.

சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் வீட்டுக்காரரே டிக்கெட் எடுத்தார். வழியில் புத்தலப்பட்டு வந்தபோது கேட்டார்.

"அந்தாளு கேட்டாரு இல்ல, அன்னைக்கி காபி குடிக்காம இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பே?"

இத்தனை காலத்தில் வக்கீலோ, சீனியரோ, ஜட்ஜோ யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"இந்த வேலை எனக்கு நல்லா வருது சார், எடுத்துடாதீங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷமாக வராத அழுகை, மூக்கு ஒழுக, வெட்கம் கெட்டு வந்தது.

"அவ்ளோதானா?" என்றார் அவர்.

"அவ்ளோதான்" என்றேன். ஏழு பாரா, பத்து பாரா என்று எழுதினார்களே, அதில் எங்கேயும் அந்த ஒரு வரி இல்லை.