எங்கவூடுங்க

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது எனக்கு. போன ஐப்பசியில், ஏற்காட்டில், பட்டப்பகலில்.

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. எனக்கு இருக்கிற ஒரே கிறுக்கு, பழைய எல்லை வரைபடங்கள். அவற்றை ஏற்றிவைக்க இணையத்தில் ஒரு பொதுக் காப்பகம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தலைப்பும் வருடமும் போடலாம். அதனால் பாதி வருடங்கள் தப்பு. கீழே மூலையில் அச்சான வருடம் இருக்கும். அதையே அளந்த வருடமாகப் போட்டுவிடுவார்கள். பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பேன்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் பொன்னுவேல் என்னைத் தேடி வந்தார். மாரமங்கலம் பக்கத்து விவசாயி. அவருடைய மிளகுத் தோட்டம் தன் எல்லைக்குள் வருகிறது என்று பக்கத்து எஸ்டேட் வழக்குப் போட்டிருந்தது.

"மேப்புல எங்க தோட்டத்துல ஒரு ஊரு பேரு போட்டிருக்குதுங்க சார். ஆனா வருசம் முப்பத்தெட்டுங்கறாங்க. எஸ்டேட்டு வந்தது இருவத்தொண்ணுலீங்க. அப்ப நாங்க பின்னால வந்தவங்கன்னு ஆயிப்போச்சுங்களே?"

வெள்ளிக்கிழமை விசாரணை. தோற்றால் தோட்டம் போய்விடும்.

வரைபடத்தைத் திறந்தேன். நினைத்தது சரி. 1938 அச்சான வருடம். அளந்த வருடம் தாளின் பின்பக்கத்தில் இருக்கலாம். காப்பகத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. தாளை வைத்திருப்பவருக்கு எழுதிக் கேட்டேன்.

எல்லைக் கோட்டை ஒட்டி அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'எங்கவூடுங்க'.

அப்படி ஓர் ஊரை இந்த மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நேரில் பார்த்துவிடலாம் என்று மறுநாள் இருவரும் தோட்டத்துக்குப் போனோம். மத்தியானமே மூடுபனி இறங்கியிருந்தது. போனில் இன்றைய வரைபடத்தின் மேல் பழையதை விரித்து வைத்திருந்தேன். நீலப் புள்ளிதான் நான். நடக்க நடக்கப் புள்ளி நகர்ந்தது. அந்தப் பெயரைத் தொட்டது.

நின்றோம். வீடு இல்லை. சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடிகள், அவ்வளவுதான்.

ஆனால் தரை... பெருக்கிச் சாணி தெளித்திருந்தது. ஒரு வாசல் அளவுக்கு. ஈரம்கூடக் காயவில்லை.

களி கிண்டுகிற வாசனை வந்தது.

"இங்கே யாராவது குடியிருக்காங்களா?" என்றேன். பொன்னுவேல் இல்லை என்று தலையாட்டினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

பனி இன்னும் இறங்கியது. இலைகளிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்...

அதுவும் நின்றது.

எனக்குப் பயம். அதை மறைக்கத்தான் சத்தமாகக் கேட்டேன்.

"ஏனுங்க... இது எந்த ஊருங்க?"

உடனே பதில் வந்தது. பெண் குரல். மிகப் பக்கத்தில்.

"எங்க ஊடுங்க."

அப்போதுதான் உறைத்தது. அளக்க வந்தவன் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். 'எங்கள் வீடு' என்று பதில் வந்திருக்கிறது. அதை ஊர்ப் பெயர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான்!

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எழுதிக்கிட்டீங்களா?" என்றது குரல்.

பொன்னுவேல் என் கையைப் பிடித்து இழுத்தார். விழுந்தடித்து ஓடினோம். பஸ் போகும் ரோட்டுக்கு வந்துதான் நின்றோம்.

"அந்தப் பொம்பளை யாருங்க?"

அவர் என் கையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

"அங்க ஆருமில்லீங்க சார். நீங்களே கேட்டீங்க... நீங்களே பொம்பளக் கொரல்ல பதிலுஞ் சொன்னீங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் பின்பக்கத்தின் படம் வந்து சேர்ந்தது. அளந்த வருடம் 1902. பொன்னுவேலின் தோட்டம் பிழைத்தது என்று துள்ளிவிட்டேன். பிறகுதான் அதற்குக் கீழே, அளந்தவன் பென்சிலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

'இங்கே வீடு இல்லை. பெயர் கேட்டவன் நான். பதில் சொன்னவனும் நானே என்று என் ஆட்கள் சொல்கிறார்கள். சொன்னதை எழுதிவிட்டேன்.'

காப்பகத்தில் வருடத்தை 1902 என்று திருத்தினேன். கீழே 'குறிப்பு' என்ற கட்டம் காலியாக இருந்தது. உள்ளதை உள்ளபடி போட்டால் பொன்னுவேல் தோற்பார். மறைத்தால், நான் இத்தனை நாள் திட்டிய ஆட்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

'வீடு இல்லை' என்று அடிக்க ஆரம்பித்தேன்.

களி வாசனை...

அடுப்படியிலிருந்து என் மனைவி மலர் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, ஆரு வந்திருக்கறது? எழுதிக்கிட்டீங்களா, எழுதிக்கிட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களே... ஆருங்க அந்தம்மா?"

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

திரையைப் பார்த்தேன். 'எங்க ஊடுங்க' என்று இருந்தது. சேமித்தும் ஆகிவிட்டது. அடித்தவை என் விரல்கள்தான்.

மறுநாள் பொன்னுவேல் ஜெயித்தார். இப்போது தை பிறந்துவிட்டது. தோட்டத்தில் மிளகு பழுத்து உதிர்கிறது. பறிக்க அவர் இன்னும் போகவில்லை.