பிலோமினா அக்காவை அழைத்து வரப் போனேன்

காலை ஆறே முக்காலுக்கு ரயில் தூத்துக்குடியில் வந்து நின்றபோது வானம் சாம்பல் பூத்திருந்தது. ஐப்பசிக் கடைசி. சென்னையிலிருந்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர் உட்கார்ந்து வந்த முதுகு வலித்தது. தோளில் பேஸ் கிதார் தொங்கியதால், கல்யாண வீட்டுக் கச்சேரிக்கு வந்தவன் என்று ஆட்டோக்காரர் முடிவுகட்டிவிட்டார்.

"எங்கன போணும் அண்ணாச்சி?"

"திரேஸ்புரம். மாதா சிலைக் கெபி இருக்கிற தெரு."

"எண்பது ரூவா குடுங்க. மழ வாரதுக்குள்ள போயிருவோம்."

போகிற வழியில் யாரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "பிலோமினான்னா, எறா கம்பெனிக்குப் போய்ட்டிருந்தாவளே, அந்த அம்மாவா? அவுக பாடுவாவளா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கே நான்கு வருடங்களுக்கு முன்புவரை தெரியாது. மூர் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த ஒலிநாடாவில் நான்கு பாடல்கள் இருந்தன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த சோல் இசையும், அதிலிருந்து தாளம் கனத்து வளர்ந்த ஃபங்க் இசையும் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த இசையில், கடற்கரைத் தமிழில், ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து பாடி நான் கேட்டதில்லை. உறையில் பெயரும் ஊரும் மட்டும் இருந்தன. விசாரித்து விசாரித்து அவரைத் தொலைபேசியில் பிடித்தது மூன்று மாதம் முன்பு. சென்னையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு மேடை ஏற்பாடு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. அவரை அழைத்துப்போகத்தான் வந்திருந்தேன்.

ஏழு மணிக்குத் திரேஸ்புரம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்ததால் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. சங்கு குளிக்கப் போகிறவர்கள் வேலையில்லாமல் குத்தவைத்துச் சீட்டு விளையாடினார்கள். கதவைத் திறந்தது தங்கை ஜெசிந்தா. வீட்டில் சகோதரிகள் இருவர் மட்டும். ஜெசிந்தா தெரு முழுக்கச் செய்தி சொல்லியிருந்தார். கொடியில் ஒரு மெரூன் பட்டுப்புடவை இஸ்திரி போட்டுத் தயாராகத் தொங்கியது.

பிலோமினா அக்கா உள்ளேயிருந்து வந்தார். அறுபத்தெட்டு வயது. உயரமான, எலும்பு தெரிகிற உடம்பு. "இரிங்க தம்பி. சாப்பிட்டியளா?" என்றார். ஒலிநாடாவில் கேட்ட குரலின் அடிப்பகுதி அதில் அப்படியே இருந்தது.

இட்லிக்கும் மீன் குழம்புக்கும் நடுவில் கதை வந்தது. அப்பா, கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் டக் படகில் வேலை பார்த்தவர். வெளிநாட்டு மாலுமிகள் அவருக்கு இசைத்தட்டுகள் தருவார்கள். வீட்டில் செருப்பு வாங்கக் காசில்லாத காலத்திலும் தட்டுகள் இருந்தன. அவற்றைக் கேட்டுக்கேட்டுப் பாடிய அக்காவுக்குக் கோவில் பாடற்குழுவில் இடம் கிடைத்தது. உடம்பை ஆட்டுகிறாள் என்று அதே குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"ஆட்டாம எப்படிப் பாட? நான் ஆட்டல, அதுவா ஆடுது," என்றார். சிரிக்கவில்லை.

பிறகு மாலுமிகள் வந்துபோகும் ஒரு மன்றத்தில் ஏழு வருடம் பாடினார். அந்த ஒலிநாடா அங்கே பதிவானதுதான். மெட்ராஸில் சினிமாவுக்குக் குரல் சோதனைக்குப் போனபோது, ஆம்பளைக் குரல் என்று திருப்பி அனுப்பினார்கள்.

பத்தரை மணிக்கு அந்த மன்றத்தைப் பார்க்கக் கிளம்பினோம். துறைமுகச் சாலையில் ஒன்பது கிலோமீட்டர். அக்கா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "நீங்க பாத்துட்டு வாங்க." நான் மட்டும் தூறலில் போய்ப் பார்த்தேன். உர மூட்டைக் கிடங்கு. மேடை இருந்திருக்கக்கூடிய இடத்தில் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"எப்படி மூடினாங்க?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"யாரும் மூடல தம்பி. மொதல்ல ஒரு கப்பல் வந்தா சரக்கு எறக்க ரெண்டு வாரம் கெடக்கும். பயலுவ ஊருக்குள்ள வருவானுவ, பாட்டுக் கேப்பானுவ. அப்புறம் கன்டெய்னர் வந்துச்சு. இன்னைக்கு வாரான், நாளைக்குப் போறான். கப்பல விட்டு எறங்கவே நேரமில்ல. யாருக்குப் பாட?"

அதன்பின் இருபத்திரண்டு வருடம் இறால் உரித்தார். குளிர் அறை, அம்மோனியா வாடை, ஐஸ் தண்ணீரில் கை.

பிற்பகல் மூன்று மணிக்கு முன்னறையில் ஒத்திகை ஆரம்பித்தோம். கிதாரைச் சின்ன ஒலிபெருக்கியில் இணைத்தேன். அவர் எடுத்தது நாடாவின் முதல் பாட்டு. அவரே எழுதியது. கடலுக்கடியில் சங்கு தேடுகிறவனை மேலே படகிலிருந்து ஒருத்தி கூப்பிடுகிற பாட்டு.

"தாளத்தோட ஒண்ணுல அடிங்க தம்பி. ஒண்ணு கனமா விழணும்."

அடித்தேன். அவர் முழங்கால் ஆடத் தொடங்கியது, பிறகு தோள். 'மூச்சப் பிடி, இன்னும் பிடி' என்று தாழ்ந்த குரலில் தொடங்கியபோது அறை சுருங்கிப்போன மாதிரி இருந்தது. இருபது வருடம் வாசித்திருக்கிறேன். யார் குரலுக்கும் என் விரல்கள் அப்படிக் கட்டுப்பட்டதில்லை. ஜெசிந்தா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் 'மேல வா' என்று குரல் உச்சிக்கு ஏற வேண்டும். ஏறவில்லை. காற்று மட்டும் வந்தது.

"இன்னொருக்கா," என்றார்.

இரண்டாவது முறை குரல் பாதியில் பிளந்தது. மூன்றாவது முறை இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். பாட்டுக் கேட்கத் தெருவில் கூடியிருந்தவர்கள் மெல்லக் கலைந்தார்கள்.

"சுருதியை நாலு கட்டை இறக்கிடலாம்க்கா," என்றேன்.

"எறக்கினா அது ஒப்பாரி ஆயிரும்."

"உச்சத்தை வேற பொண்ணு பாடட்டும். நீங்க கூட நின்னாப் போதும்."

"நின்னு?" என்று என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்க முடியவில்லை. "அவளுக்கு வருது, எனக்கு வரலன்னு எல்லாரும் பாக்கவா? ஒரு பத்து வருசம் முந்தி யாராச்சும் வந்திருந்தியன்னா வந்திருப்பேன் தம்பி. இப்ப வரல. கோவிச்சுக்கிடாதிய."

முகம் கழுவிக்கொண்டு, செபமாலை எடுத்துக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று, "நல்லா வாசிக்கிய," என்றார். அவ்வளவுதான் விடைபெற்றது.

இரவு எட்டு மணிக்கு ரயில் நிலையத்துக்கு ஜெசிந்தா மட்டும் வந்தார். கையில் ஒரு மக்ரூன் இனிப்புப் பொட்டலம். தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அவளுக்கு முன்னமே தெரியும் தம்பி. நீங்க போன் பண்ணுன நாள்லருந்து தெனமும் விடிய முன்ன கடக்கரைக்குப் போயி பாடிப் பாத்தா. ரெண்டு வாரமா போகல. நான் கேட்டதுக்கு, வரலைன்னு மட்டும் சொன்னா."

"அப்போ ஏன் என்னை வரச் சொன்னாங்க? போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். பக்கத்துல ஒருத்தர் வாசிக்க, ஒரே ஒருக்கா பாடிக்கிடுதேன்னு சொன்னா. முப்பத்தஞ்சு வருசமாச்சுல்லா."

ரயில் நகர்ந்தபோது ஜெசிந்தா கை காட்டவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மழையில் திரும்பி நடந்தார்.

திரேஸ்புரத்தில் நான் இருந்தது ஒரு பகல். சென்னையில் எங்களுக்கு மேடை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கேட்க நானூறு பேர் வருவார்கள். அந்த முன்னறையில் ஒருமுறை ஒலித்தது அங்கே ஒலிக்கப்போவதில்லை.

கோவில்பட்டிக்கு முன்பு டிக்கெட் பரிசோதகர் வந்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற குரலில் வாசித்தார்.

"பிலோமினா. பெண். அறுபத்தெட்டு. இருக்காங்களா?"

"வரலை," என்றேன்.

அவர் விரலால் தட்டிவிட்டு, கதவருகே நின்றிருந்த ஒருவரை அந்த இடத்துக்குக் கூப்பிட்டார்.