ஹெர் க்ளூகே சொன்னது

வனஜா ஜெர்மன் படிக்கப் போனது ஃபிரெஞ்சு வகுப்பில் இடம் தீர்ந்துபோனதால்தான். மாலை வகுப்பு, சர்டிபிகேட் கோர்ஸ், ஏர்லைன்ஸில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். சேர்ந்த பிறகு விட மனசு வரவில்லை. சர்டிபிகேட் டிப்ளமாவாகி, 1997-ல் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஜெர்மன் முதல் வருஷத்தில் ஏழு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள்.

ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி அவர்கள் குடியிருந்த ஒக்கலிபுரத்தில் அக்கம்பக்கத்தார், "அந்த பாஷையப் படிச்சு யாருகிட்டம்மா பேசுவே, ரயில்வே ஸ்டேஷன்லயா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவள் அப்பா சுந்தரமூர்த்தி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. பீன்யாவில் ஒரு சின்ன பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவர் அவர். "அந்த ஊர் லேத்து நாப்பது வருஷம் ஓடுதும்மா. பாஷை மட்டும் மட்டமாவா இருக்கும்?" என்பார்.

பேக்டரி அவருடைய சிநேகிதர் ஆதிகேசவனுடையது. இரண்டு பேரும் ஒரே நாளில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தவர்கள். பிறகு ஆதிகேசவன் வேலையை விட்டு, சொந்தமாக ஆறு லேத் மெஷின் போட்டார். சுந்தரமூர்த்தி கூடவே போனார். மொத்தம் இருபத்திரண்டு பேர். பம்புகளுக்குள் போகிற பித்தளை புஷ், நடுவில் துளை போட்ட சின்ன வளையம், செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக அதில் முக்கால்வாசி ஜெர்மனியில் ஒரே ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கம்பெனி ஜூலையில் ஆள் அனுப்பியது. பெயர் க்ளூகே, வயது அறுபதை ஒட்டி, பட்டறையிலேயே தலை நரைத்த மேஸ்திரி. இங்கிலீஷ் அறவே வராது. ஆதிகேசவனுக்கும் பேக்டரி இங்கிலீஷ்தான். "வெளியில எதுக்கு ஆள் தேடறே ஆதி? என் பொண்ணு இருக்கா" என்று சுந்தரமூர்த்தி சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. க்ளூகே தேங்காய்ச் சட்னியை ரசித்துச் சாப்பிட்டார், கூலண்ட் எண்ணெயின் நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். வனஜா சொல்லச் சொல்ல லேத்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

மத்தியானம் க்ளூகே, அப்பா செக் பண்ணி ஓகே சீட்டு ஒட்டித் தன் மேஜையில் வைத்திருந்த பெட்டியைத் திறந்தார். தன் பையிலிருந்து துளையை அளக்கிற கேஜை எடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் தண்டு. துளை சரியாக இருந்தால் உள்ளே நழுவிப் போகும். பத்து புஷ்ஷில் நான்கில் போகவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். அது சின்னக் குறையா, பெரிய குற்றமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அது க்ளூகே வாயில் இருந்தது, அவர் பேச்சோ வனஜா ஒருத்திக்குத்தான் புரியும்.

அவர் குரலை உயர்த்தாமல் பேசினார். இது தயாரிப்பு இல்லை, லாட்டரிச் சீட்டு. இந்தப் பெட்டிக்கு ஓகே போட்ட மனிதர் பார்க்கவே இல்லை, அல்லது அவருக்குப் பார்க்கத் தெரியாது. அக்டோபர் சரக்கும் இப்படி வந்தால் ஆர்டர் செக் நாட்டுக்காரர்களுக்குப் போய்விடும். எங்கள் முதலாளி முடிவு எடுத்தாயிற்று. இவர்களுக்கு இது தெரிந்தாக வேண்டும். நான் சொன்னபடியே சொல்லுங்கள்.

லேத்காரர் முனியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா, திட்றானா கும்புட்றானா? ரெண்டும் ஒரே சத்தமா இருக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில், தன் மேஜைக்குப் பின்னால், வாத்தியாருக்கு எதிரே நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

ஜெர்மானியர்கள் குறையைச் சுற்றி வளைக்காமல் சொல்வார்கள், அதில் அவமானப்படுத்தும் எண்ணம் இருக்காது என்று பண்பாட்டுத் தாளில் அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். திருத்திய டெஸ்மண்ட் சார் இருபதுக்குப் பதினேழு போட்டிருந்தார். அந்த இரண்டு பக்கமும் அவளுக்கு நினைவில்தான் இருந்தது. ஆனால் அப்பாவையும் அவர் வயசு ஆட்களையும் நிற்க வைத்து, இவருக்குப் பார்க்கத் தெரியாது என்று வாயைத் திறந்து எப்படிச் சொல்வது?

"வேலை நல்லா இருக்குதாம். செக் பண்றவரோட அனுபவம் தெரியுதாம். நாலு பீஸ் மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்கு, அக்டோபர் லாட்ல இன்னும் ஸ்வல்பம் கவனிச்சுக்கிட்டா போதும்கிறார்."

அனுபவம் என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அப்பாவின் தோள் இறங்கியது. ஆதிகேசவன் அவர் முதுகில் தட்டினார்.

"எல்லாவற்றையும் சொன்னீர்களா?" என்று க்ளூகே கேட்டார்.

"எல்லாவற்றையும்" என்றாள்.

அக்டோபர் சரக்கு போனது. நவம்பரில் ஜெர்மனில் ஒரு கடிதம் வந்தது. ஆதிகேசவன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். 'இறுதிப் பரிசோதனை சரியில்லை என்று ஜூலை ஒன்பதாம் தேதி எங்கள் திரு. க்ளூகே தெளிவாக எடுத்துச் சொல்லியும் மாற்றம் ஏதும் இல்லாததால்' என்று தொடங்கியது இரண்டாவது வரி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வனஜா அந்த வரியைத் தாண்டிக்கொண்டு போனாள்.

"ஆர்டரை நிறுத்தறாங்க மாமா. காரணம்னு பெருசா ஒண்ணும் எழுதல."

பொங்கலுக்குள் பேக்டரி ஒரு ஷிஃப்டுக்கு வந்தது. முதலில் நிறுத்தப்பட்ட நாலு பேரில் முனியப்பன் ஒருவர். சிவாஜிநகரில் ஆட்டோ ஓட்டப் போனார். அடுத்த மாதம் அப்பாவே ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மத்தியானமே வீடு திரும்பினார்.

"இன்ஸ்பெக்‌ஷன் சரியில்லன்னு எழுதியிருக்கானாம். எம்மூஞ்சியப் பாத்து சொல்றான் ஆதி. வேற யாரோ ஜெர்மன் தெரிஞ்சவன்கிட்ட குடுத்துப் படிச்சானாம். ஆள நிறுத்தணும்னா நிறுத்தறேன்னு சொல்லேன்! எதுக்கு எம்மேல பழி போடறே?" நாற்காலியில் உட்காராமலே கேட்டார்: "வனஜா, அந்த லெட்டர்ல அப்படி எதுனா இருந்துச்சா?"

"இல்லப்பா."

இருபத்தாறு வருஷத்துச் சிநேகம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. அப்பா சிவாஜிநகரில் ஒரு இரும்புக் கடையில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார்.

போனவர் அங்கே ஒரு கதையையும் கொண்டுபோனார். "ஜெர்மன்காரன் வந்து என் பெட்டியத் திறந்து பாத்துட்டு, ஆளோட அனுபவம் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போனான் சார். என் பொண்ணுதான் பக்கத்துல நின்னு சொன்னா." கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னார். வனஜாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார். மாப்பிள்ளை அஷ்வின், "எங்க ஆபீஸ்ல பத்து வருஷம் மாடு மாதிரி உழைச்சாலும் இப்படி ஒரு வார்த்தை வராது மாமா" என்றபோது அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் வனஜா அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எம்.ஏ.வை முடித்தாள். கோரமங்களாவில் ஜெர்மன் இன்சூரன்ஸ் காகிதங்களை இங்கிலீஷில் மாற்றும் ஆபீஸில் வேலை. அங்கே ஒரு கமாவைக்கூட இடம் மாற்றமாட்டாள் என்று பெயர் எடுத்தாள். கூட இருந்தவர்கள் மெஷின் என்று கேலி செய்தார்கள். இரண்டு தடவை ஜெர்மனிக்கு அனுப்பக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் ஏதோ சாக்குச் சொன்னாள். அங்கே யாராவது எதையாவது நேராகச் சொல்லிவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று நினைத்தாள்.

2003-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈஜிபுராவில் புகுந்த வீட்டிலிருந்து அவள் அப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது ஆதிகேசவன் படியேறி வந்தார். கையில் தாம்பாளம், மகள் பிரபாவின் கல்யாணப் பத்திரிகை. இளைத்துப்போயிருந்தார்.

"மூர்த்தி, நீ முன்னால நின்னு நடத்தணும்டா."

அப்பா எழுந்திருக்கவில்லை. "ஜெர்மன்காரன் மெச்சுன வேலையக் கொறை சொன்னவன் நீ. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் அங்க வர்றது? எடுத்துக்கிட்டுப் போ."

ஆதிகேசவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வனஜாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தாம்பாளத்தோடு படியிறங்கினார். வனஜா அவர் பின்னாலேயே கீழே ஓடினாள்.

"மாமா, அந்த லெட்டர்ல..."

"தெரியும்மா. ஜூலை ஒன்பதுன்னு தேதியே போட்டிருந்தானே. எல்லாம் படிச்சுக் காட்டினாங்க."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"எங்கிட்ட கோவிச்சுக்கிட்டா அவனுக்கு ஒரு ஆதி போனான், அவ்வளவுதான். உங்கிட்ட கோவிச்சுக்கிட்டா அவன் எங்க போவான்?" தாம்பாளத்தை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தார். "இப்பவும் சொல்லாதே. அந்த ஒரு பேச்சை வெச்சுத்தான் அவன் தலை நிமிந்து நடக்கறான். கேட்டியா? சொல்லிடாதே."

அவர் பேச்சை அவள் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கொண்டுவந்த பத்திரிகையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படியேறியபோது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது அப்பாவுக்காகவா, தன் பாரம் தாங்காமலா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"அப்பா, க்ளூகே அப்படிச் சொல்லல."

அவர் பேப்பரை மடித்தார். "என்ன சொன்னான்? அப்படியே சொல்லு."

சொன்னாள். லாட்டரிச் சீட்டு, பார்க்கத் தெரியாதவர், செக் நாட்டுக்காரர்கள், எல்லாம். ஆறு வருஷத்துக்குப் பிறகும் ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. கடிதத்தின் இரண்டாவது வரியையும் சொன்னாள்.

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நம்ம கேஜ் தேஞ்சு போயிருந்துச்சும்மா" என்றார். "தேஞ்ச கேஜ் எந்தத் துளையிலயும் போகும். ஆதிகிட்ட ரெண்டு தடவ கேட்டேன், அடுத்த மாசம் வாங்கலாம்னான். சிநேகிதனாச்சே, எத்தனை தடவ கேக்கறதுன்னு விட்டுட்டேன். அந்தாளு பாக்கத் தெரியலன்னானா? அதை நீ சொல்லியிருந்தா, மேஜை டிராயர்லேருந்து அந்தக் கேஜை எடுத்து ஜெர்மன்காரன் கையில வெச்சிருப்பேன். அஞ்சு நிமிஷ வேல." பிறகு, "முனியப்பனுக்கு அப்ப ரெண்டாவது பொண்ணு பொறந்திருந்துச்சு" என்றார்.

திட்டவில்லை. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

கல்யாணத்துக்குப் போனார், தனியாக. சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட்டார். ஆதியிடம் பேசினீர்களா என்று அம்மா கேட்டதற்கு, "கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வனஜா வந்தால் எழுந்து நாற்காலி போடுகிறார். "வாம்மா. வேலையெல்லாம் நல்லா போகுதா? மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று கேட்கிறார். அவள் செய்த குழம்பில் உப்பு கரித்தாலும் "நல்லா இருக்கு" என்கிறார். முன்பெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு, "என்னாத்த ஆக்கினே, கடல் தண்ணியா?" என்று கத்துகிற மனிதர். இப்போது தூரத்து உறவுக்காரி வந்த மாதிரி, மனசு நோகாத வார்த்தையாகத் தேடித் தேடிப் பேசுகிறார். அவளும் "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாப்பா?" என்கிறாள். ஊற்றிக்கொள்கிறார்.